போர்ட்ஃபோலியோவுக்கு மதிப்பெண் போட்டால் கற்றல் தெரியுமா?

2024 ஜூலை 2, மாலை (வாசகர் கேள்வி)

எங்கள் ஆசிரியர் கல்வித் துறையில் செய்முறைப் பதிவேட்டை எடுத்துவிட்டு மின்தொகுப்பேடு, அதாவது மின்வடிவப் போர்ட்ஃபோலியோ, கொண்டுவருகிறார்கள். பாடத்திட்டம், கற்பித்தல் காணொளி, மாணவர் விடைத்தாள் மாதிரி, சுயசிந்தனைக் குறிப்பு எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். அகமதிப்பீட்டின் 100 மதிப்பெண்ணில் 40 இதற்குத்தான். சென்ற பருவத்தில் சோதனையாகச் செய்து பார்த்தோம். வடிவமைப்பில் கைதேர்ந்தவர்கள் மதிப்பெண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள். வகுப்பறையில் உண்மையிலேயே நன்றாகக் கற்பிக்கும் இருவர் கடைசியில் நின்றார்கள். இதை வைத்துக் கற்றலை அளக்க முடியும் என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறார்கள்?

2024 ஜூலை 2, இரவு

முடியாது. பதினோரு ஆண்டுகளாகப் போர்ட்ஃபோலியோ திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒரே கோப்பிடம் மூன்று வேலை கேட்கிறோம். மாணவ ஆசிரியர் தன் தடுமாற்றத்தை எழுதிப் பார்க்கும் நாட்குறிப்பாக அது இருக்க வேண்டும். மதிப்பெண் போடத் தக்க விடைத்தாளாகவும் இருக்க வேண்டும். படித்து முடித்து வேலை கேட்டுப் போகும் இடத்தில் எடுத்துக் காட்டவும் உதவ வேண்டும். நாட்குறிப்பில் எழுதுவதை யாராவது விண்ணப்பத்தில் எழுதுவார்களா? "மூன்றாவது பாடவேளையில் வகுப்பு கைமீறிப் போனது, எனக்கு அழுகை வந்துவிட்டது" என்று எழுதினால் கற்றல் தெரியும், மதிப்பெண் போகும். ஆகவே எழுத மாட்டார்கள். எழுத வேண்டியதை விழுங்கிவிட்டு மீதியைக் கொடுக்கிறார்கள். அதைத்தான் நாம் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறோம்.

மின்தொகுப்பேடு பற்றி நெடுங்காலம் எழுதிவந்த ஹெலன் பாரெட் இதற்கு இரண்டு முகங்கள் உண்டு என்பார். ஒன்று பட்டறை, மற்றொன்று காட்சிக்கூடம். பட்டறையில் மரத்தூள் கிடக்கும். காட்சிக்கூடத்தில் கிடந்தால் மானம் போகும். உங்கள் துறை இரண்டையும் ஒரே அறையில் வைத்துவிட்டு, தூளும் வேண்டும், தரையும் பளபளக்க வேண்டும் என்கிறது.

2024 ஜூலை 3

நேற்றுக் கோபத்தில் எழுதியதில் ஒரு நியாயத்தை விட்டுவிட்டேன். போர்ட்ஃபோலியோவை ஆசிரியர் மதிப்பீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மனின் குழு ஆசிரியர்களை மதிப்பிடப் புது வழி தேடிக்கொண்டிருந்தது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாத்தாள், ஒருவருக்குப் பாடம் தெரியுமா என்று சொல்லும். தெரிந்ததைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க வருமா என்பதை அதனால் சொல்ல முடியாது. மேற்பார்வையாளர் வந்து பின்வரிசையில் அமர்ந்தாலும் அவர் காண்பது ஒரு நாள் வகுப்பைத்தான். வாரக்கணக்கில் நடந்ததைக் காட்ட வேறொன்று தேவைப்பட்டது. அப்படித்தான் இது வந்தது.

அதே ஷுல்மன் பின்னாளில், 1998இல், இதன் ஐந்து ஆபத்துகளை அவரே பட்டியலிட்டார். என் சொற்களில் தருகிறேன். முதலாவது மெருகுத்தாள்: உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட மேலுறை எப்படி மின்னுகிறது என்பது முக்கியமாகிவிடும். இரண்டாவது பளு: செய்து முடிப்பதற்குள் முதுகு ஒடியும், அந்த உழைப்புக்குப் பலன் உண்டா என்று கேட்க வேண்டிவரும். மூன்றாவது அற்பத்தனம்: யோசிக்கத் தகுதியில்லாத ஒன்றைப் பற்றி நான்கு பக்கம் சிந்திப்பது. நான்காவது திரிபு: மதிப்பெண் எளிதாகப் போடவேண்டும் என்று இறுக்கி இறுக்கி, எதை மாற்ற வந்ததோ அந்தத் தேர்வாகவே இது மாறிப்போவது. ஐந்தாவது போலித்தோற்றம்: ஆண்டு முழுதும் எடுத்த வகுப்புகளில் மிகச் சிறந்த ஒன்றைக் காட்டி, எப்போதும் அப்படித்தான் என்று நம்பவைப்பது.

மேலே வாசகர் எழுதியிருப்பது முதல் ஆபத்து. காகிதக் காலத்தில் நிஜமான மெருகுத்தாள் ஒட்டிக்கொண்டு வருவார்கள். இப்போது ஆயத்த வார்ப்புருக்கள் இருக்கின்றன. பளுவும் குறையவில்லை. தோளில் இருந்தது, இரவில் காணொளி ஏற்றிக்கொண்டு விழித்திருக்கும் கண்ணுக்கு மாறியிருக்கிறது.

2024 ஜூலை 3, சிறிது நேரம் கழித்து

திருத்தம்: பதினோரு ஆண்டும் மின்வடிவில் என்று தோன்றும்படி எழுதியது தவறு. எண்ணிப் பார்த்தேன். மின்வடிவில் ஒன்பதுதான், முதல் இரண்டு ஆண்டும் காகிதக் கோப்பு. அவற்றில் ஒன்று இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. 214 பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கல்வி பற்றிய ஒரு பொன்மொழி.

2024 ஜூலை 6

"முடியாது என்று ஒரே வெட்டாகச் சொல்கிறீர்களே, ஒரு போர்ட்ஃபோலியோகூட உங்களுக்கு எதையும் காட்டியதில்லையா?" என்று ஒருவர் கேட்கிறார். காட்டியிருக்கிறது. அதைச் சொன்னால் என் குற்றத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு மாணவ ஆசிரியை. பயிற்சிப் பள்ளியில் பின்னக் கூட்டல் எடுத்தார். காணொளி பதினெட்டு நிமிடம். ஏழாவது நிமிடத்தில் பலகையில் 1/2 + 1/3 என்று எழுதி, "எவ்வளவு வரும்?" என்கிறார். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் 2/5 என்கிறான். இவர் அவன் பக்கம் திரும்பி, "நன்றாக யோசித்துப் பார்" என்கிறார். சொல்லி வாய் மூடவில்லை, "வேறு யார்?" என்று முன்வரிசைக்கு வந்துவிடுகிறார். அங்கே ஒரு சிறுமி 5/6 என்கிறாள். "மிகச் சரி!" கைதட்டல். காமிராவின் ஓரத்தில் அந்தப் பையனின் முழங்கை மட்டும் தெரிகிறது. பாதி உயர்ந்திருந்த கை இறங்குகிறது.

இந்த வகுப்புக்கு அவர் எழுதிய முதல் குறிப்பு: "மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். கற்றல் நோக்கங்கள் நிறைவேறின." நான் போட்ட மதிப்பெண் பத்துக்கு எட்டு. பக்கம் ஒழுங்காக இருந்தது, படங்கள் சரியான இடத்தில் இருந்தன. காணொளியை முதல் மூன்று நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். ஏழாவது நிமிடத்தை அப்போது நான் பார்க்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து அதே பக்கத்தின் கீழே இரண்டாவது குறிப்பு: "2/5 என்று சொன்ன மாணவனிடம் இன்னும் பொறுமையாக நடந்திருக்கலாம்." இதைப் படித்த பிறகுதான் நான் முழுக் காணொளியையும் பார்த்தேன். பருவ இறுதியில் மூன்றாவது குறிப்பு வந்தது. அதனுடன் அந்தப் பையனின் நோட்டிலிருந்து எடுத்த ஒரு படம். 1/4 + 1/5 என்ற கணக்குக்கு அவன் 2/9 என்று எழுதியிருந்தான். இவர் எழுதியிருந்தார்: "அவன் கவனக்குறைவாகச் சொல்லவில்லை. மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டுவது என்று ஒரு விதி வைத்திருக்கிறான், அதை மாறாமல் பயன்படுத்துகிறான். 2/5 பாதியைவிடப் பெரிதா சிறிதா என்று நான் கேட்டிருந்தால், பாதியோடு ஒன்றைச் சேர்த்தபின் பாதியைவிடக் குறைவாக எப்படி வரும் என்று அவனே நின்றிருப்பான். நான் பொறுமை இல்லாதவள் என்பது பிரச்சினை அல்ல. அந்த விடையில் கேட்பதற்கு ஏதோ இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை."

மூன்று குறிப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதலாவது அறிக்கை. இரண்டாவது நடத்தை பற்றிய வருத்தம். மூன்றாவதில்தான் கணிதம் கற்பிப்பது பற்றி ஒருவர் எதையோ கற்றுக்கொண்டிருக்கிறார். எந்த வினாத்தாளும், எந்த ஒரு நாள் மேற்பார்வையும் எனக்கு இதைக் காட்டியிருக்காது.

2024 ஜூலை 7

மேலே சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. ஹாட்டன், ஸ்மித் என்ற இருவர் 1995இல் மாணவ ஆசிரியர்களின் சிந்தனைக் குறிப்புகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். வெறும் விவரிப்பு, காரணம் சொல்லும் விவரிப்பு, தன்னோடு தானே வாதிட்டு வேறு சாத்தியங்களை எடைபோடுவது, இவற்றுக்கும் அப்பால் சமூக, வரலாற்றுச் சூழலோடு பொருத்திப் பார்ப்பது. பயனுள்ள பிரிவினைதான். ஆனால் இந்த நான்கையும், எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லும் மதிப்பீட்டுச் சட்டகத்தில் நான்கு கட்டமாகப் போட்டு மாணவர்கள் கையில் கொடுத்த ஆண்டு என்ன நடந்தது தெரியுமா? எல்லோரும் கடைசிப் பத்தியில் சமூகத்தைக் கொண்டுவந்தார்கள். சாக்பீஸ் தீர்ந்துபோனதற்குக்கூடச் சமூக ஏற்றத்தாழ்வு காரணமானது.

அந்த ஆண்டு "இந்த அனுபவம் என்னை முழுமையாக மாற்றியது" என்ற வரி எத்தனை பேரிடம் வந்தது என்று எண்ணினேன். 48 பேரில் 19 பேர் முழுமையாக மாறியிருந்தார்கள், பெரும்பாலும் சமர்ப்பிப்பதற்கு முந்தைய நாளில்.

2024 ஜூலை 10

மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை பற்றிக் கேட்டவருக்கு. இது நியாயமான இடி. நானும் சக பேராசிரியர் ஒருவரும் ஒரே தொகுப்பேட்டைத் தனித்தனியே திருத்தினோம். இருபதுக்கு நான் 17, அவர் 11. சட்டகத்தின் சொற்களைக் குறை சொல்லி இரண்டு மணி நேரம் பேசினோம். கடைசியில் புரிந்தது: அவர் காணொளியை முதலில் பார்த்துவிட்டு எழுத்தைப் படித்தார், நான் எழுத்தைப் படித்துவிட்டு அதன் கண்ணால் காணொளியைப் பார்த்தேன். சட்டகத்தில் எந்தச் சொல்லை மாற்றினாலும் இது தீர்ந்திருக்காது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1990களின் தொடக்கத்தில் மாநிலம் முழுவதும் போர்ட்ஃபோலியோவை வைத்து மதிப்பிட்டது. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1992ஆம் ஆண்டு மதிப்பெண்களைச் சோதித்தபோது, ஒரே தொகுப்புக்கு இருவர் போட்ட மதிப்பெண்களின் ஒத்துப்போக்கு சராசரியாக 0.33 முதல் 0.43 வரைதான் இருந்தது. 1 என்றால் முழு ஒற்றுமை. இந்த அளவை வைத்துக்கொண்டு ஒருவரின் தேர்ச்சியை முடிவுசெய்ய யாருக்கும் துணிவு வரக்கூடாது.

2024 ஜூலை 11

திருத்தம். வெர்மான்டில் மதிப்பிடப்பட்டது மாணவ ஆசிரியர்கள் அல்ல, பள்ளிப் பிள்ளைகள்: 4ஆம், 8ஆம் வகுப்பினரின் எழுத்தும் கணிதமும். நேற்று எழுதியதைப் படித்தால் ஆசிரியர் பயிற்சி என்று தோன்றும். அடுத்த ஆண்டு கணிதத்தில் ஒற்றுமை நன்றாகவே கூடியது, எழுத்தில் அந்த அளவுக்கு இல்லை என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். ஆளாளுக்கு விருப்பப்பட்டதை உள்ளே வைத்தால் ஒப்பிட முடியாது என்ற பாடம் மட்டும் நம் துறைக்கும் அப்படியே பொருந்தும்.

அப்படியானால் எல்லோருக்கும் ஒரே பணி கொடுத்துவிடலாமே என்பீர்கள். அதையும் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவில் 2013இல் பரவலாக வந்த எட்-டிபிஏ என்ற மதிப்பீடு அதுதான். திட்டமிடல், கற்பித்தல், மதிப்பிடல் என மூன்று பணிகள். பெரும்பாலான பாடங்களில் 15 சட்டகங்கள், ஒவ்வொன்றும் 5 புள்ளி. காணொளித் துண்டும் எழுத்து விளக்கமும் மாணவ ஆசிரியரை ஒருநாளும் பார்த்திராத, பயிற்சி பெற்ற ஒருவரிடம் போகும். பல மாநிலங்கள் ஆசிரியர் உரிமத்துக்கே இதைக் கட்டாயமாக்கின. பிறகு ஜார்ஜியா 2020இலும் நியூயார்க் 2022இலும் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. கட்டணம், ஆசிரியர் பற்றாக்குறை, பயிற்சிக் காலத்தை அப்படியே விழுங்கிவிடுகிறது என்ற புகார் எல்லாம் அந்த விவாதங்களில் அடிபட்டன. ஷுல்மன் சொன்ன நான்காவது ஆபத்து இதுவென்று என் எண்ணம்.

ஒரு நண்பர் இதை மறுத்து, "மூன்று பணிகளையும் செய்ததால்தான் என் மாணவர்கள் முதன்முறையாகப் பிள்ளைகளின் விடைத்தாளை உண்மையாகப் படித்தார்கள்" என்று எழுதியிருக்கிறார். அதை நான் நம்புகிறேன். கட்டாயப்படுத்தாவிட்டால் அந்த வேலை நடக்காது என்பது என் அனுபவமும்கூட.

2024 ஜூலை 15

யாரும் கேட்கவில்லை, என் ஆற்றாமையைக் கொட்டுகிறேன். திருத்த உட்கார்ந்தது இரவு பத்து மணி. முதல் இணைப்பு: "இந்தக் கோப்பைக் காண உங்களுக்கு அனுமதி இல்லை." இரண்டாவதும் அதுவே. மூன்றாவது திறந்தது, உள்ளே வேறொருவரின் பாடத்திட்டம். நான்காவது கோப்பின் பெயர் "இறுதி", ஐந்தாவது "இறுதி உண்மையான இறுதி", ஆறாவது "இதைத்தான் பார்க்கவும்". அதைத்தான் பார்த்தேன், அது காலி.

பழைய தொகுப்பேடுகளின் கதி இன்னும் மோசம். ஒரு காலத்தில் ஃபிளாஷ் என்ற மென்பொருளில் அசையும் பக்கங்கள் செய்து கொடுத்தார்கள், அன்று அதற்குக் கூடுதல் மதிப்பெண்ணும் போட்டோம். அடோபி 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷைக் கைவிட்டது. அந்தப் பக்கங்கள் இருந்த இடத்தில் இப்போது சாம்பல் நிறக் கட்டம். 214 பக்கக் காகிதக் கோப்பு மட்டும் பொன்மொழிகளோடு அப்படியே இருக்கிறது.

மென்பொருள் எது என்று கேட்டவருக்கு: எதுவாக இருந்தாலும் சரி, மாணவர் வெளியேறும்போது மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போக வழி இருக்க வேண்டும். மஹாரா போன்ற திறந்தநிலைச் செயலிகளில் அந்த வசதி உண்டு. நியூசிலாந்தில் 2006இல் தொடங்கிய திட்டம் அது. மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு "சிந்தித்தல்" என்று பொருள். பெயர் வைத்தவர்கள் நம்மைவிட நம்பிக்கை உள்ளவர்கள்.

காணொளியில் தெரியும் பிள்ளைகளின் முகம் பற்றி ஒரு வரியாவது சொல்லாமல் போக முடியாது. பெற்றோர் ஒப்புதல் வாங்கியது பயிற்சிக்கு மட்டும். நம் மாணவர் அதே காணொளியை வேலை தேடும்போது யாருக்கும் அனுப்பக்கூடாது. காட்சிக்கூடத்துக்கு ஒரு படி, பட்டறைக்கு ஒரு படி என்று பிரிப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

2024 ஆகஸ்ட் 1

செயற்கை நுண்ணறிவு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தள்ளிப்போட்டேன், ஏனென்றால் இதில் எனக்கு ஒரு தலைகுனிவு உண்டு.

சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் 30. அடுத்த பருவத்திலேயே சிந்தனைக் குறிப்புகளின் நடை மாறிவிட்டது. எல்லோரும் சமநிலையோடு எழுதத் தொடங்கினார்கள். எந்த வகுப்பிலும் எவருக்கும் கோபமே வரவில்லை. ஒரு மாணவியின் குறிப்பு அளவுக்கு மீறி ஒழுங்காக இருந்தது. அவரை அழைத்து, "இதை நீங்கள் எழுதவில்லை" என்றேன். வினாவாகக் கேட்கவில்லை, தீர்ப்பாகவே சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. மடிக்கணினியைத் திறந்து அந்தப் பக்கத்தின் திருத்த வரலாற்றைக் காட்டினார். 31 முறை சேமிக்கப்பட்டிருந்தது. ஒரு வாக்கியம் ஏழு முறை மாறியிருந்தது. நடுவில் ஒரு நாள் முழுப் பத்தியும் அழிந்து மறுநாள் வேறு விதமாகத் திரும்பியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏற்றுக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பருவம் முழுவதும் என் வகுப்பில் அவர் கை உயர்த்தவில்லை.

ஆனால் அந்த 31 படிகளைப் பார்த்தபோது எனக்கு உறைத்தது. நான் திருத்த வேண்டியது கடைசிப் படியை அல்ல. ஏழு முறை மாறிய வாக்கியம் ஏன் மாறியது என்று கேட்டிருந்தால் அன்று நல்ல பாடம் நடந்திருக்கும். இதைக் காகிதம் காட்டாது, மின்வடிவம்தான் காட்டும். இத்தனை ஆண்டும் "மின்" என்ற சொல்லுக்கு நாம் வண்ணம், காணொளி, இணைப்பு என்றே பொருள் கொண்டிருந்தோம்.

எனவே ஜூலை 2 இரவு எழுதிய "முடியாது" என்பதை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: முடிந்துபோன தொகுப்பேட்டை வைத்து முடியாது.

2024 ஆகஸ்ட் 19

"அப்படியானால் நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?"

சொல்கிறேன், மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரக் குறிப்புக்கு மதிப்பெண் கிடையாது. அதை நான் படிப்பதும் அவர்கள் திறந்துவிட்டால் மட்டுமே. பருவத்தில் மூன்று தேதிகளில் ஒரே வகுப்பைத் திரும்பப் பார்த்து எழுத வேண்டும், பழையதை அழிக்கக்கூடாது. சமர்ப்பிப்பது ஆறு பொருட்களுக்கு மேல் இருக்கக்கூடாது, ஒன்றாவது பிள்ளைகளின் கையெழுத்தில் இருக்க வேண்டும். பிறகு பன்னிரண்டு நிமிட உரையாடல். காணொளியில் நான் ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுப்பேன், அவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். மதிப்பெண் இந்த உரையாடலுக்கும் மூன்று குறிப்புகளுக்கு இடையிலான நகர்வுக்கும் மட்டும். ஷுல்மனும் எழுத்தோடும் உரையாடலோடும் சேர்ந்தால்தான் போர்ட்ஃபோலியோ முழுமை பெறும் என்றவர். நாங்கள் பல ஆண்டு உரையாடலை விட்டுவிட்டு உறையை மட்டும் வைத்திருந்தோம்.

வடிவமைப்புக்கு மதிப்பெண் இல்லை என்று அறிவித்த அன்று இருவர் முகம் வாடியது. இருவரும் நல்ல பிள்ளைகள். அழகாகச் செய்வது தவறு என்று சொன்னதுபோல் ஆகிவிட்டது. அதை எப்படிச் சரிசெய்வது என்று இன்னும் தெரியவில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 48 பேர், தலைக்கு 12 நிமிடம், மொத்தம் 576 நிமிடம். ஒன்பதரை மணி நேரத்துக்கும் மேல், தண்ணீர் குடிக்க எழுந்த நேரம் சேர்க்காமல். இதற்கு அட்டவணையில் இடம் கொடுக்காத எந்த நிர்வாகமும் போர்ட்ஃபோலியோ பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

2024 ஆகஸ்ட் 27

மேலே உள்ள முறையைப் பாராட்டி நால்வர் எழுதியிருக்கிறார்கள். அவசரப்படாதீர்கள்.

சென்ற பருவத்தில் ஒரு மாணவ ஆசிரியர், முதல் குறிப்பில் தன் வகுப்பு பற்றித் தவறான முடிவு. இரண்டாவதில் சந்தேகம். மூன்றாவதில் தெளிவு. படிப்படியான முன்னேற்றம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தது. உரையாடலில் முதல் குறிப்பு பற்றி ஏதோ கேட்கப்போக, அவர் தடுமாறினார். திருத்த வரலாற்றைத் திறந்தேன். மூன்றும் ஒரே மாலையில் பிறந்தவை: 9:10, 9:40, 10:05. நான் மாற்றத்துக்கு மதிப்பெண் தருகிறேன் என்று தெரிந்ததால், திருந்துவதற்காகவே ஒரு தவறைச் செய்திருந்தார். மேலே தேதிகளைக் கையால் தட்டச்சு செய்திருந்தார், அவையும் மூன்று வார இடைவெளியில்.

கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஒரு தவறான முடிவு நம்பும்படி இருக்க வேண்டுமானால் சரியானது எது என்று தெரிந்திருக்க வேண்டும். அவர் நட்டுவைத்த தவறு நல்ல தவறு. ஆரம்ப ஆசிரியர்கள் உண்மையிலேயே செய்வது. "இதை எங்கே பார்த்தீர்கள்?" என்றேன். உடன் பயிலும் நண்பனின் வகுப்பில் என்றார். அதன்பின் அடுத்த பத்து நிமிடமும் அந்த நண்பனின் வகுப்பைப் பற்றியே பேசினோம். இதுவரை அவர் பேசியதிலேயே சிறந்த பேச்சு அது. மதிப்பெண்? பாதி போட்டேன். எதற்குப் பாதி என்று கேட்டால் என்னிடம் விளக்கம் இல்லை.

2024 செப்டம்பர் 14

கேள்வி கேட்ட வாசகர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார்: அவர் துறையில் 40ஐ 15 ஆக்கிவிட்டார்களாம், உரையாடலுக்குத் தனியாக 10. கடைசியில் நின்ற இருவரில் ஒருவர், உரையாடலில் பேச வைத்ததும் மேலே வந்துவிட்டாராம். மற்றவர் நேரிலும் பேசவில்லை. அவர் வகுப்பறையில் மட்டும்தான் பேசுவார்போலிருக்கிறது. அவருக்கு என்ன வழி என்று கேட்கிறார். நேரே போய் வகுப்பைப் பாருங்கள், ஒரு முறை அல்ல, மூன்று முறை. போர்ட்ஃபோலியோவில் பிடிபடாதவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

2024 அக்டோபர் 5

ஒரு வேடிக்கை. பயிற்றுநர்களும் தங்களுக்கென்று ஒரு மின்தொகுப்பேடு வைக்க வேண்டும் என்று எங்கள் துறையில் முடிவானது. கைதூக்கி ஆதரித்தவர்களில் நானும் ஒருவன். சென்ற வாரம் என் வகுப்பைப் பதிவு செய்து பார்த்தேன்.

தலைப்பு: வினா கேட்டபின் காத்திருத்தல். கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டியதை விளக்கிக்கொண்டிருக்கிறேன். ஆசிரியர்கள் வினா கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் விடை நீள்கிறது, பதில் சொல்லாதவர்களும் சொல்லத் தொடங்குகிறார்கள் என்கிறேன். குரலில் நல்ல உறுதி. விளக்கி முடித்து, "இதில் யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்கிறேன். உடனே "சரி, அடுத்து" என்று பக்கத்தைப் புரட்டுகிறேன்.

கடிகாரத்தை வைத்து மூன்று முறை அளந்தேன். ஒரு நொடிக்கும் கீழே. இடதுபக்கம் மூன்றாவது இருக்கையில் யாரோ வாயைத் திறந்து மூடுவது தெரிகிறது.

முதல் குறிப்பை எழுதி ஏற்றிவிட்டேன். அடுத்த தேதி மூன்று வாரம் கழித்து. மாணவ ஆசிரியர்களுக்குக் காட்டத்தான் எடுத்தேன், ஆனால் அனுமதி இன்னும் "எனக்கு மட்டும்" என்றே இருக்கிறது.